இஸ்திரிப் பலகையில் ஏறிய கப்பல்: அசெம்ப்ளாஜ் கலையைப் பொருட்களின் வழியே வாசித்தல்

அமெரிக்கக் கலைஞர் பெட்டி சார் 1998இல் செய்த ஒரு படைப்பில் இருப்பவை வீட்டுச் சாமான்கள்தான். பழைய மர இஸ்திரிப் பலகை ஒன்று. அதன்மேல் கனமான இரும்பு இஸ்திரிப் பெட்டி. பெட்டியைப் பலகையோடு பிணைத்திருக்கும் சங்கிலி. பின்னால் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு. 'வளைவேன், ஆனால் முறியமாட்டேன்' என்பது தலைப்பின் பொருள். பலகைக்குக் கிட்டே போனால்தான் அதன் மேல்பரப்பில் அச்சிட்டிருப்பது தெரியும்: புரூக்ஸ் என்ற ஆங்கிலேய அடிமைக் கப்பலின் தள வரைபடம். வரிசை வரிசையாக, இடைவெளியே இல்லாமல் படுக்கவைத்த மனித உருவங்கள். அந்த வரைபடத்தின் மேலேயே குனிந்து துணி தேய்க்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் உருவமும் உண்டு. விரிப்பில் மூன்று எழுத்துகள் தைக்கப்பட்டிருக்கின்றன: கே, கே, கே. கூ க்ளக்ஸ் க்ளான், வெள்ளை அங்கி போர்த்திக்கொண்டு கறுப்பினத்தவரைக் கொன்ற இனவெறி அமைப்பு.

இதற்கு விளக்கம் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சொல்வது இதுதான்: சங்கிலி என்றால் அடிமைத்தனம், வெள்ளை விரிப்பு என்றால் இனவெறி, இஸ்திரிப் பெட்டி என்றால் உழைப்பு. தவறில்லை. ஆனால் இதோடு நிறுத்தினால் படைப்பைப் பார்க்காமலேயே சொல்லியிருக்கலாம். பொருட்களின் பட்டியலை யாராவது போனில் வாசித்துக் காட்டினாலே போதும், இந்த அர்த்தங்கள் கிடைத்துவிடும்.

பொருளிடமே கேட்டால் வேறு பதில் வருகிறது. இந்த விரிப்பை யார் துவைத்தார்கள்? யார் தேய்த்தார்கள்? அடிமைமுறை சட்டப்படி முடிந்த பிறகும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்து மடித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அப்படியானால் தன் மக்களைக் கொல்லக் கிளம்புகிறவன் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணியை மடிப்புக் கலையாமல் தேய்த்து வைத்தவளும் அவளாகவே இருந்திருக்கலாம். இந்த எண்ணம் சங்கிலியிலிருந்து தனியாக வரவில்லை, விரிப்பிலிருந்து தனியாகவும் வரவில்லை. இரண்டையும் ஒரே வீட்டு வேலையின் தொடர்ச்சியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் வருகிறது.

கப்பல் வரைபடத்துக்கும் தனி வரலாறு இருக்கிறது. அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடியவர்கள் 1788இல் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் அச்சிட்டுப் பரப்பிய படம் அது. ஊர் ஊராகப் போய் மக்களை அதிரவைத்த பிரசாரச் சுவரொட்டி. நல்ல நோக்கத்தோடு செய்த அந்தப் படத்திலும் மனிதர்களுக்கு முகம் கிடையாது. சரக்கை அடுக்கிய கணக்காகத்தான் தெரிகிறார்கள். சார் அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் விஷயம். துணியை விரித்து, நீர் தெளித்து, சூடான இரும்பால் அழுத்தும் இடத்தில் வைத்தார். ஒரு முனையில் குறுகி வரும் பலகையின் வடிவம் கப்பலின் தளத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த கணத்தில்தான் படைப்பு பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அசெம்ப்ளாஜ் என்று சொல்லப்படும் கலையை, அதாவது கிடைத்த பொருட்களைக் கோத்து, ஒட்டி, கட்டி, ஆணி அடித்துச் செய்யும் கலையை, இப்படித்தான் அணுக வேண்டும் என்று நினைக்கிறேன். குறியீட்டைக் கடைசியில் தேடலாம். முதலில் அந்தப் பொருள் கலைக்கூடத்துக்கு வருமுன் என்ன வேலை பார்த்தது, யார் கையில் இருந்தது என்று கேட்க வேண்டும். பிறகு கலைஞர் அதை என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அது பக்கத்துப் பொருளோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆணியா, பசையா, தையலா, சங்கிலியா, சும்மா சாய்த்து வைத்திருக்கிறதா. மூன்றாவதைத்தான் நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. அர்த்தத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1912இல் பிக்காசோ ஒரு முட்டை வடிவ ஓவியத்தில் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை ஒட்டி, சுற்றிலும் சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைக் கட்டினார். அந்தப் பிரம்பு நிஜப் பிரம்பு இல்லை, பிரம்பு மாதிரி அச்சடித்த மலிவான துணி. கயிறு மட்டும் நிஜக் கயிறு. பொருளும் பொய் சொல்லும் என்ற பாடம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1950களில் பிரெஞ்சுக் கலைஞர் ஜான் துபுஃபே பட்டாம்பூச்சிச் சிறகுகளை ஒட்டிச் செய்த தன் படைப்புகளை அசெம்ப்ளாஜ் என்று அழைத்தார். 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் சைட்ஸ் இதே பெயரைத் தலைப்பில் வைத்து நடத்திய பெரிய கண்காட்சிக்குப் பிறகு சொல் நிலைத்துவிட்டது.

பெட்டி சாரின் கதை வேறொரு இடத்தில் தொடங்குகிறது. 1926இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். சிறுமியாக வாட்ஸ் பகுதியிலிருந்த பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், சைமன் ரோடியா என்ற இத்தாலியக் குடியேறி தன் நிலத்தில் தனி ஆளாகக் கோபுரங்கள் எழுப்புவதைப் பார்த்திருக்கிறார். இரும்புக் கம்பி, சிமென்ட், அதில் பதித்த உடைந்த பீங்கான், பாட்டில் துண்டு, கிளிஞ்சல். 1921இல் தொடங்கி 1954 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் ரோடியா கட்டினார். மிக உயர்ந்த கோபுரம் முப்பது மீட்டரை எட்டுகிறது. தூக்கிப்போட்ட பொருளுக்கு இரண்டாவது வாழ்க்கை உண்டு என்பதை அந்தச் சிறுமி எந்தக் கலைப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாட்டி வீட்டுப் பக்கத்திலேயே அது வளர்ந்துகொண்டிருந்தது.

அதே வாட்ஸ் 1965 ஆகஸ்டில் எரிந்தது. காவல்துறைக்கு எதிராக வெடித்த கிளர்ச்சி ஆறு நாட்கள் நீடித்தது, 34 பேர் இறந்தார்கள். அந்தக் கோபுரங்களுக்குப் பக்கத்தில் இருந்த கலை மையத்தின் முதல் இயக்குநர் நோவா பியூரிஃபாய், ஜட்சன் பவல் என்ற இன்னொரு கலைஞரோடு சேர்ந்து இடிபாடுகளிலிருந்து ஏறக்குறைய மூன்று டன் பொருட்களைப் பொறுக்கினார். கருகிய மரம், நெளிந்த உலோகம், வெப்பத்தில் உருகிச் சொட்டி உறைந்துபோன நியான் விளக்குப் பலகைகள். 1966இல் அவற்றிலிருந்து 'நியானின் 66 அடையாளங்கள்' என்ற கண்காட்சி உருவானது. இங்கே உருகிய நியான் எதைக் 'குறிக்கிறது' என்று கேட்பதே வீண். அது எதையும் குறிக்கவில்லை. அது அந்தத் தெருவேதான், அந்த வாரமேதான். எந்தக் கடையின் பெயர்ப்பலகை அது, அந்தக் கடை யாருக்குக் கடன் கொடுத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்பதெல்லாம் அந்த வட்டாரத்து மக்களுக்குத் தெரியும். பொருளைக் குறியீடாக மாற்றும் அவசரத்தில், அது முதலில் ஒரு சாட்சி என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சாருக்கு 1967இல் இன்னொரு திறப்பு கிடைத்தது. பசடேனாவில் நடந்த ஜோசஃப் கார்னெல் கண்காட்சி. சிறு மரப்பெட்டிகளுக்குள் வரைபடம், மணி, கண்ணாடிக் குப்பி, பறவைப் படம் என்று வைத்துக் கண்ணாடி மூடி போட்ட கார்னெலின் பெட்டிகள் கனவு போன்றவை, தனிமையானவை. சார் அந்தப் பெட்டி வடிவத்தை எடுத்துக்கொண்டார். கனவை எடுத்துக்கொள்ளவில்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பின், பழம்பொருள் சந்தைகளில் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பொம்மைகள், விளம்பரத் தகரங்கள், அஞ்சலட்டைகளைத் தேடி வாங்க ஆரம்பித்தார். வெறுப்பை உற்பத்தி செய்து சமையலறை அலமாரியில் வைத்து விற்ற பொருட்கள் அவை.

அவற்றிலிருந்து 1972இல் வந்ததுதான் 'ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை'. இது எவ்வளவு சின்னது என்று தெரியும்போது எல்லோருக்கும் வியப்பாகத்தான் இருக்கும்: உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 20, ஆழம் 7. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பின்சுவர் முழுக்க ஆன்ட் ஜெமைமா பான்கேக் மாவு லேபிளில் இருந்த சிரித்த முகம், திரும்பத் திரும்ப. நடுவில் தலையில் துணி கட்டிய தடித்த கறுப்பினப் பெண் பொம்மை. அமெரிக்கர்கள் 'மேமி' என்று சொல்லும் வார்ப்பு அது: வெள்ளையர் வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட வேலைக்காரி. அவள் ஒரு கையில் துடைப்பம். மறுகையில் சார் கொடுத்த துப்பாக்கி.

அந்தப் பொம்மை முதலில் என்ன வேலை பார்த்தது என்று தெரிந்தால் படைப்பு இன்னொரு படி திறக்கும். அது சமையலறையில் குறிப்பெழுத வைக்கும் தாள் தாங்கி. என்ன சாமான் தீர்ந்துபோச்சு, என்ன வாங்க வேண்டும் என்று வீட்டு எஜமானி எழுதிக் கிழிப்பதற்கான தாள் அடுக்கு பொம்மையின் உடம்பிலேயே, பாவாடை இருக்கும் இடத்தில் செருகியிருக்கும். அதாவது அவள் உடல்தான் உத்தரவு எழுதும் இடம். சார் தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய படத்தை வைத்தார். அதிலும் ஒரு மேமி, இடுப்பில் அழும் வெளிர்நிறக் குழந்தை. அந்தப் படத்துக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு எழுகிறது ஒரு பெரிய கறுப்பு முஷ்டி, கறுப்பினச் சக்தி இயக்கத்தின் சின்னம். கீழே தரையில் பஞ்சு.

ஆக, உத்தரவு எழுதிய இடத்திலிருந்தே முஷ்டி கிளம்புகிறது. இதை 'முஷ்டி எதிர்ப்பின் குறியீடு' என்று எழுதிவிட்டுப் போகும் காட்சிக்கூடக் குறிப்புகள் எனக்குக் கோபத்தைத் தருகின்றன. முஷ்டி ஆயிரம் சுவரொட்டிகளில் இருக்கிறது. இங்கே அது எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில்தான் சாரின் மேதைமை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சார் துடைப்பத்தைப் பிடுங்கி எறியவில்லை. வேலை செய்த கையையும் போராடும் கையையும் ஒரே உடம்பில் விட்டுவைத்தார். வீட்டு வேலை செய்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறையை அவர் அவமானமாக நினைக்கவில்லை என்று அதை நான் வாசிக்கிறேன். கறுப்பினப் பெண்களின் இயக்கமே இந்தப் படைப்பிலிருந்துதான் தொடங்கியது என்று கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் பின்னாளில் சொன்னார். 30 சென்டிமீட்டர் பெட்டிக்கு அது பெரிய பாராட்டு. மிகையாகவும் தோன்றவில்லை.

பொருளுக்கு முன்ஜென்மம் உண்டு என்பது கலை விமர்சகர்கள் மட்டும் சொல்லும் பேச்சு இல்லை, சட்டமும் அதையே சொல்கிறது. இதற்கு ராபர்ட் ரவுஷன்பெர்க்கின் 'கேன்யன்' கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1959இல் செய்த படைப்பு. வண்ணம் பூசிய பெரிய பரப்பு, ஒட்டிய புகைப்படங்கள், துணி. கீழே சிறகு விரித்து வெளியே பாயும் பாடம் செய்த வெண்தலைக் கழுகு. அதற்கும் கீழே கயிற்றில் இறுக்கிக் கட்டித் தொங்கும் தலையணை. படித்தவர்கள் பலர் இதில் கிரேக்கப் புராணத்தைக் காண்கிறார்கள்: கானிமீட் என்ற அழகுச் சிறுவனைக் கழுகு உருவில் ஜீயஸ் தூக்கிப் போன கதை. தலையணை அந்தச் சிறுவனின் தொங்கும் உடல். ரெம்ப்ரான்ட் இதே காட்சியை வரைந்திருக்கிறார் என்பதால் அந்த வாசிப்பு வலுப்பட்டது.

இருக்கட்டும். ஆனால் அந்தக் கழுகு வெறும் புராணக் கழுகு இல்லை, அமெரிக்காவின் தேசியப் பறவை. 1940இல் வந்த சட்டப்படி அதை, செத்ததாக இருந்தாலும், விற்கவோ வாங்கவோ கூடாது. சட்டம் வருமுன்பே கொல்லப்பட்ட பறவை என்று ரவுஷன்பெர்க் உறுதிமொழி கொடுத்த பிறகே படைப்பை வாங்கியவர் அதை வைத்துக்கொள்ள முடிந்தது. படைப்பின் உரிமையாளரான இலியானா சொனாபெண்ட் 2007இல் இறந்ததும் சிக்கல் முற்றியது. விற்கவே முடியாத பொருளுக்கு மதிப்பு பூஜ்யம் என்றார்கள் வாரிசுகள். வருமான வரித்துறை அதற்கு 6.5 கோடி டாலர் மதிப்பு போட்டு, சுமார் 2.9 கோடி டாலர் வரி கேட்டது. வரி கட்ட விற்கவும் முடியாது, விற்றால் குற்றம். 2012இல் படைப்பை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துத்தான் விஷயம் முடிந்தது. ஓவியத்தில் தீட்டிய கழுகுக்கு இந்தப் பிரச்சினை வராது. தீட்டிய கழுகு குறியீடு. பாடம் செய்த கழுகு ஒரு காலத்தில் பறந்த பறவை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அசெம்ப்ளாஜ் கலையின் முழு நிலப்பரப்பும்.

ஆப்பிரிக்காவுக்குப் போவோம். எல் அனாட்சுய் 1944இல் கானாவின் அன்யாகோவில் பிறந்து, 1975 முதல் நைஜீரியாவின் ன்சுக்கா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் சிற்பம் கற்பித்தவர். 1990களின் இறுதியில் மது பாட்டில்களின் அலுமினிய மூடிகள் நிறைந்த பை ஒன்று அவருக்குக் கிடைத்தது. மூடியை வெட்டி, தட்டி, மடித்து, முறுக்கி, ஓட்டை போட்டுச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து, ஒரு பெரிய கட்டடத்தையே போர்த்தும் அளவுக்கு விரிப்புகள் செய்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலேயில், 2007இல், ஃபோர்ச்சூனி மாளிகையின் முகப்பை அப்படி ஒரு விரிப்பு மூடியது. 2015இல் அதே பியன்னாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் தந்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் பொன்னும் சிவப்பும் மின்னும் பட்டுத் துணி. மேற்கத்திய விமர்சகர்கள் உடனே கானாவின் புகழ்பெற்ற கென்டே துணியை நினைத்துக்கொண்டார்கள். நியாயம்தான், அவர் குடும்பத்திலேயே கென்டே நெய்தவர்கள் உண்டு, ஆரம்ப காலப் படைப்புகளுக்கு 'ஆணின் துணி', 'பெண்ணின் துணி' என்றே பெயரும் வைத்தார். அடுத்து வந்தது சுற்றுச்சூழல் வாசிப்பு: குப்பையிலிருந்து கலை, மறுசுழற்சி. இது எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது. மூடி எந்தப் பாட்டிலின் மூடி என்று கேட்காமல் சொல்லும் விளக்கம் அது.

கிட்டே போய்ப் பாருங்கள். நகத்தளவு உலோகத் துண்டுகள். சில மூடியின் வட்டத் தலை, சில கழுத்தைச் சுற்றிய பட்டை. பட்டைகளில் ரம், ஜின், பிராந்தி நிறுவனப் பெயர்கள் பாதி அழிந்தும் தலைகீழாகவும் தெரியும். மதுதான் ஐரோப்பியர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த முக்கியப் பண்டமாற்றுச் சரக்குகளில் ஒன்று. அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள், அந்த மனிதர்கள் கரீபியத் தோட்டங்களில் கரும்பு வெட்டினார்கள், கரும்பிலிருந்து ரம் வந்தது, ரம் மறுபடி கப்பலேறியது. தன் கண்டத்துக்கும் ஐரோப்பாவுக்குமான தொடர்பு இந்த மூடிகளில் இருக்கிறது என்று அனாட்சுய் பல முறை விளக்கியிருக்கிறார். துணி போலத் தெரிவது அழகு. எதனால் ஆன துணி என்பது வரலாறு. ஒன்றைப் பார்க்கும்போது மற்றொன்றை மறக்க முடியாதபடி கட்டியிருக்கிறார்.

இணைப்பைக் கவனியுங்கள். கம்பித் தையல் எங்கும் வளையும், எங்கும் மடியும். இவ்வளவு பெரிய உலோகப் படைப்பு மடித்துப் பெட்டியில் போகும், ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறு மடிப்பில் தொங்கும். எப்படித் தொங்கவிடுவது என்பதைப் பெரும்பாலும் அந்தந்தக் காட்சிக்கூடத்தாரிடமே விட்டுவிடுகிறார். பற்றவைத்து ஒட்டியிருந்தால் இது நடக்காது. நிரந்தர வடிவம் என்று ஒன்று இல்லாத சிற்பம். கரையிலிருந்து கரைக்குப் போகும் சரக்குகளையும் மனிதர்களையும் பற்றிய படைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இணைப்பு வேறு எது?

இணைப்பே அர்த்தமாகிவிடும் இடத்துக்கு உச்சமான உதாரணம் கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ. அரசியல் வன்முறையில் காணாமல்போனவர்களின் காலணிகளைச் சுவரில் குடைந்த சின்னச் சின்ன மாடங்களில் வைத்தார். பெரும்பாலும் பெண்களின் செருப்புகள். மாடத்தின் வாயை ஒளி மங்கலாக ஊடுருவும் விலங்குச் சவ்வால் மூடி, சுவரோடு கறுப்பு அறுவைச் சிகிச்சை நூலால் தைத்தார். 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த தொடர் இது. உள்ளே செருப்பு இருப்பது தெரியும். தெளிவாகத் தெரியாது. கண்ணாடி போட்டிருந்தால் அது நினைவுச் சின்னமாகியிருக்கும்: இறந்தவர், முடிந்தது, கும்பிட்டுவிட்டுப் போகலாம். சவ்வும் தையலும் அப்படி விடுவதில்லை. தையல் போட்டது காயத்துக்கு, காயம் இன்னும் ஆறவில்லை. காணாமல்போனவரின் குடும்பத்துக்கு அவர் இறந்தாரா இருக்கிறாரா என்று உறுதியாகத் தெரியாத நிலை இருக்கிறதே, அதற்கு அந்த மங்கலைத் தவிர வேறு வடிவம் கிடையாது. இலங்கையில் வீதியோரப் பந்தலில் பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்து ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துப் பொருட்களுக்கு வரும்போது கொஞ்சம் கறாராகவே பேச விரும்புகிறேன். சுபோத் குப்தாவை உலகமே அறியும். எவர்சில்வர் பாத்திரங்களால் 2006இல் ராட்சத மண்டையோடு செய்தார். 2008இல் அதே பாத்திரங்களால் அணுகுண்டுக் காளான் மேகம் செய்தார், பெயர் 'கட்டுப்பாட்டுக் கோடு'. பிரமாண்டம் என்பதில் சந்தேகமில்லை. சோறு போடும் பாத்திரம் சாவாக எழும் முரண் முதல் பார்வையிலேயே பிடிபடுகிறது. ஆனால் அந்தப் பாத்திரங்கள் பளபளவென்று புதிதாகவே எனக்குத் தெரிகின்றன. தமிழ்நாட்டு வீட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியிலோ விளிம்பிலோ பெயர் வெட்டியிருக்கும். பெண்ணின் பெயர், சீர் கொடுத்த மாமாவின் இனிஷியல், சில சமயம் கல்யாணத் தேதி. கடன் நெருக்கும்போது அடகுக்கடைக்குப் போய்த் திரும்பிவந்த பித்தளை அண்டாவில் இருக்கும் நசுங்கல் ஒன்றே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும். குப்தாவின் மேகத்தில் அந்த வாழ்க்கையை நான் காணவில்லை. 'பாத்திரம்' என்ற வகை இருக்கிறது, எந்தப் பாத்திரமும் இல்லை. சாரின் தாள் தாங்கியோடு ஒப்பிட்டால் அது குறியீட்டில் தொடங்கிக் குறியீட்டிலேயே முடிகிறது என்று எனக்குப் படுகிறது. அவருடைய ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

கொச்சியில் 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறி பியன்னாலேயில் இதற்கு நேர் எதிரான ஒன்று நடந்தது. முசிறியாக இருக்கலாம் என்று கருதப்படும் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்து, ஆய்வுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பானை ஓடுகளைக் கொண்டு விவான் சுந்தரம் ஒரு நகரத்தையே தரையில் பரப்பினார். பெயர் 'கறுப்புத் தங்கம்', அதாவது மிளகு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய துறைமுகம் என்று சங்கப் பாடல் பாடும் அதே முசிறி. தொல்லியலாளர் ஒதுக்கிய ஓடு, ஒருவேளை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் உலை வைத்த பானை. அதை ஒட்டிப் பானையாக்கிக் காட்ட அவர் முயலவில்லை. ஓடு ஓடாகவே கிடந்தது.

2014இல் அதே பியன்னாலேயில், திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் இயங்கும் பெனிதா பெர்சியால், ஃபோர்ட் கொச்சியின் பெப்பர் ஹவுஸ் கிடங்கில் கிறித்தவத் திருவுருவங்களைச் செய்து வைத்தார். பழைய மரம் ஒரு பகுதி. மற்றவை சாம்பிராணி, வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை, கிராம்பு, மரப்பட்டைத் தூள் எல்லாம் கலந்து பிசைந்த கலவை. உருவங்கள் சிதைந்தவை போல, கை உடைந்தவை போல நின்றன. பார்வையாளர் முதலில் அறிவது உருவத்தை அல்ல, வாசனையை. அந்தக் கிடங்கு மசாலா வணிகத்துக்குக் கட்டியது. அதே மசாலாவைத் தேடி வந்த கப்பல்களில்தான் பாதிரிமார்களும் வந்தார்கள். வெள்ளைப்போளமும் சாம்பிராணியும் விவிலியத்தில் குழந்தை இயேசுவுக்கு வந்த காணிக்கை. கடை, கப்பல், கோயில் மூன்றும் ஒரே மாவில் பிசைந்திருக்கின்றன. 'கலப்பு ஊடகம்' என்று இரண்டு சொல்லில் இதன் அட்டையை எழுதினால் படைப்பையே மூடிவைத்ததற்குச் சமம். காட்சிக்கூடங்கள் பொருட்பட்டியலை முழுமையாக எழுத வேண்டும், பார்ப்பவர்கள் தலைப்புக்கு முன் அதைப் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கோரிக்கை.

இந்தக் கலையில் எனக்குத் தீராத கவலை ஒன்று இருக்கிறது. பொருளின் பழைய வாழ்க்கை தெரிந்தவர்கள் இருக்கும் வரைதான் அது பேசும். கொழும்பில் சந்திரகுப்த தேனுவர 1997இல் தொடங்கிய 'பீப்பாயியம்' வரிசையில், சோதனைச்சாவடிகளில் வழிமறித்து நின்ற தகரப் பீப்பாய்களுக்கு ராணுவ உருமறைப்பு வண்ணம் பூசிக் காட்சிக்கூடத்துக்குள் வைத்தார். அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் அடையாள அட்டைக்குச் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள். குறிப்பாகத் தமிழர்களுக்கு, பீப்பாய்க்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும் அந்தச் சில அடிகள் உடம்பிலேயே பதிந்திருந்தன. 2009க்குப் பின் பிறந்த பிள்ளைக்கு அது வண்ணம் அடித்த பீப்பாய். யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் உண்டு.

ஆன்ட் ஜெமைமாவுக்கும் இதுவே நடந்துகொண்டிருக்கிறது. 1889இல் பிறந்த அந்த வணிகப் பெயரை 2020இல், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின் நடுவே, கைவிடப்போவதாக உரிமையாளர்களான க்வேக்கர் ஓட்ஸ் நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு அந்த மாவு பேர்ல் மில்லிங் கம்பெனி என்ற புதுப் பெயரில் கடைக்கு வந்தது. சார் பெட்டியின் பின்சுவரில் ஒட்டிய முகம் இன்று எந்த மளிகைக் கடை அலமாரியிலும் சிரிப்பதில்லை. அது நல்லதே. ஆனால் 1972இல் அந்தப் பெட்டி முன் நின்றவர் அன்று காலையில்கூட அந்த முகத்தைத் தன் சமையலறையில் பார்த்திருப்பார்; அதிர்ச்சி அங்கிருந்துதான் கிளம்பியது. இனிமேல் பெர்க்லி அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்க வரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், இந்தப் பெண் எந்தப் பொட்டலத்தில் இருந்தாள், 1893 சிகாகோ கண்காட்சியில் அவள் வேடத்தில் நின்று பான்கேக் சுட்டுக் காட்டிய நான்சி கிரீன் உண்மையில் அடிமையாகப் பிறந்தவர் என்பதையெல்லாம் சுவரட்டையே சொல்லியாக வேண்டும். அந்த அட்டையில் எத்தனை வரி எழுதலாம், எதை விடலாம் என்று முடிவு செய்கிறவர்கள் கையில்தான் இப்போது படைப்பின் பாதி இருக்கிறது.